கஞ்சியும் கயிறும்

இந்தக் கயிற்றை முழுதாக இழுத்துப் பாருங்கள். சுமார் 6 மீட்டர். பெரியவர் ஒருவரின் சிறுகுடல் இத்தனை நீளமும் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது.

ஆனால் செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு சோதனைக் குழாய்களில் வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர் எடுங்கள்; ஒன்றில் மட்டும் எச்சிலைச் சேருங்கள். பத்து நிமிடம் பொறுத்து இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின். வெறும் கஞ்சி கருநீலமாகும். மற்றதில் நீலம் மங்கும். எச்சிலிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது. புத்தகப் படத்தில் இது தெரியாது.

இன்று ஐதராபாத்தின் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இப்படிச் சோதித்துப் பார்த்தே வளர்ந்தது. 1918இல் குன்னூரில், ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் அதைத் தொடங்கினார். நம் வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டவர் அவர்.