உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் படபடப்பு?

2016 ஏப்ரல் 4. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டம். வில்லனோவா அணி கடைசி நொடியில் போட்ட பந்தால் வட கரோலினாவை 77-74 என வென்றது. இத்தகைய ஆட்டம் தொடங்குமுன்பே ரசிகர்களுக்கு நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும். ஆடப்போவது அவர்களல்லவே, பின் ஏன்?

முடிவு தெரியாத, மனத்துக்கு நெருக்கமான ஒன்றை எதிர்நோக்கும்போது மூளை உடலை உஷார்ப்படுத்துகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, தசைகளுக்கு அதிகம் பாய்கிறது. ஆட்டக்காரருக்கு இது ஓட உதவுகிறது. ரசிகரோ உட்கார்ந்தே இருக்கிறார்!

தேர்வுக்கு முன் உங்களுக்கும் இப்படித்தானே? அஞ்சாதீர்கள். சற்று நடங்கள், மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். படபடப்பு தணியும்.