பைன் மரமாக வேஷம் போட்ட கோபுரம்!
26 நாள் தாமதத்தால் தோற்ற நகரசபை

ஒரு கம்பெனி, செல்போன் கோபுரத்தைப் பைன் மரம் போலக் கட்ட நினைத்தது. "மரமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்" என்றது ஊர். சண்டை அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று!

அந்த ஊர், ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகருக்கு வடக்கே உள்ள ராஸ்வெல். கம்பெனி, டி-மொபைல்.

செல்போனில் பேச வேண்டுமானால் கிட்டத்தில் கோபுரம் வேண்டும். எட்ட இருந்தால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். ஆகவே, 2010-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கம்பெனி மனுப் போட்டது. கேட்ட இடம், வீடுகள் உள்ள பகுதியில் 2.8 ஏக்கர் காலி மனை. கோபுரத்தின் உயரம் 108 அடி.

மொட்டையாக நின்றால் கண்ணை உறுத்தும் அல்லவா? அதனால்தான் மர வேஷம்! செயற்கைக் கிளை, செயற்கை இலை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இது புதிதல்ல. அரிசோனா பாலைவனத்தில் கள்ளிச் செடி போன்ற கோபுரங்கள் இருக்கின்றன. மாதாகோவில் கூம்புக்குள் ஒளிந்திருப்பவையும் உண்டு.

ஒரே குரலில் "முடியாது"

நகரசபை அதிகாரிகள், சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்றார்கள். ஏப்ரல் 12-ந் தேதி சபை கூடியது. இரண்டு மணி நேரம் விசாரணை நடந்தது. ஊர் மக்கள் எழுந்து ஆட்சேபித்தார்கள்.

"மற்ற மரங்களைவிட உயர்ந்து நிற்கும். அழகு கெடும். வீடுகளுக்கு மிக அருகில் இருக்கிறது. வீட்டை விற்கப் போனால் விலை போகாது" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் ஒரே மனதாக மனுவைத் தள்ளினார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போயிற்று. மனு தள்ளுபடி என்று அதில் இருந்தது. ஏன் என்று இல்லை! காரணம் வேண்டுமானால் கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தது. விவரமான கூட்டக் குறிப்பு வெளிவந்ததோ மே 10-ந் தேதி. கடிதம் எழுதி 26 நாள் ஆகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் கோபுரம் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த ஊர்தான். 1996-ம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பறிக்கவில்லை. ஆனால் கடிவாளம் போட்டது. மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். தக்க ஆதாரம் வேண்டும். நியாயமான காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். புதிய கோபுரத்துக்கு 150 நாள், இருக்கும் கோபுரத்தில் கருவி சேர்க்க 90 நாள் என்று 2009-ல் மத்திய கமிஷன் கணக்கு வகுத்தது.

இன்னொன்றும் உண்டு. கோபுரத்தின் அலைகளால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லி ஊர் மறுக்க முடியாது. மத்திய கமிஷன் வைத்த அளவுக்குள் அலை இருந்தால் போதும். தாய்மார்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அதை மட்டும் சபை காரணமாகக் காட்டக்கூடாது!

மனுவைத் தள்ளினால் கம்பெனி 30 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். 26 நாள் போனபின் காரணம் கிடைத்தால் மிச்சம் நாலே நாள். ஆனாலும் டி-மொபைல் மே 13-ந் தேதியே வழக்குப் போட்டுவிட்டது.

மூன்று கோர்ட்டு

முதல் கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. அப்பீலில் ஊர் ஜெயித்தது. 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 6 நீதிபதிகள் கம்பெனி பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர் என்ற பெண் நீதிபதி. "காரணம் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை. வேறு தாளில் இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய அதே சமயத்தில் கிடைக்க வேண்டும்" என்பது அவர் சொன்னதன் சாரம். 26 நாள் அதிகம்!

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒப்பவில்லை. கம்பெனி உரிய நாளில் வழக்குப் போட்டுவிட்டதே, அதற்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனியின் ஆட்கள் கூட்டத்தில் இருந்தவர்கள்தானே!

கோபுரம் அழகா, அசிங்கமா என்பதைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டு ஒன்றும் சொல்லவில்லை. கோபுரம் கட்டலாம் என்றும் உத்தரவிடவில்லை. ஊர் தவறியதற்கு என்ன பரிகாரம் என்பதைக் கீழ்க் கோர்ட்டுக்கு விட்டது.

ஊர்களுக்கு ஒரு வழியும் காட்டியது. காரணம் எழுதி முடியவில்லையா? மறுப்புக் கடிதத்தை அனுப்பாமல் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். குறிப்புத் தயாரானதும் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். 150 நாள் கெடு தாண்டாமல் இருந்தால் சரி.