கிளம்பும் தேதியைக் கணக்கிட எக்ஸெல்

2020 ஆகஸ்ட் மாதம். நான் பெங்களூருவில் இருந்தேன். மதுரையில் தங்கைக்கு டாக்டர் சொன்ன பிரசவ தேதி செப்டம்பர் 10. காரில் சுமார் 430 கிலோமீட்டர். ஓசூர் எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். ஊருக்குப் போனதும் 14 நாள் வீட்டுத் தனிமை. ஞாயிறு என்றால் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. எந்த நாள் கிளம்புவது?

பிரசவம் முன்னே பின்னே ஆகலாம் என்பதால் ஒரு வாரம் கூட்டி 21 நாள் என வைத்துக் கொண்டேன். விரல்விட்டும் எண்ணலாம்; ஆனால் எக்ஸெல் தவறாது என்ற நம்பிக்கை!

ஒரு செல்லில் 10-09-2020 என டைப் செய்திடவும். கீழ் செல்லில் சமக்குறி போட்டு, தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, -21 என அமைத்து என்டர் தட்டவும். எக்ஸெல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்துக் கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 2020 செப்டம்பர் 10 என்பது 44084. அதனால்தான் கழிக்க முடிகிறது.

எனக்கு வந்த விடை செப்டம்பர் 18! லேப்டாப்பில் அமெரிக்க முறை, அதாவது மாதம் முதலில். நான் தந்ததை அக்டோபர் 9 என எடுத்துக் கொண்டது. இதற்குக் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் சென்று, ஷார்ட் டேட் என்பதில் நாள் முதலில் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். பின்னர் தேதியை மீண்டும் டைப் செய்திட வேண்டும். ஏற்கனவே உள்ளே போனது தானாகத் திருந்தாது.

இப்போது ஆகஸ்ட் 20, வியாழன் எனக் கிடைத்தது. அந்த நாளுக்கே இ-பாஸ் எடுத்தேன். மொபைல் சார்ஜை நம்பாமல் பிரிண்ட்டும் எடுத்துக் கொண்டேன்.

மருமகள் செப்டம்பர் 5 அன்றே பிறந்துவிட்டாள். இரண்டு நாள் முன்புதான் என் தனிமை முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டியது நான்தான்.