பரிசு வாங்கிய தெர்மாகோல்

சென்ற ஆண்டு, ஒன்றாம் வகுப்பில் படித்த என் பேத்தியிடம் சூரியக் குடும்ப மாதிரி ஒன்றைச் செய்துவருமாறு பள்ளியில் கூறினார்கள். மறுநாளே தேவை என்பதால் எழுதுபொருள் கடைக்கு விரைந்தேன். முழுதும் செய்து முடிக்கப்பட்ட தெர்மாகோல் மாதிரிகள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. 350 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி, அவள் பெயரை நானே ஒட்டி அனுப்பினேன். பரிசும் கிடைத்தது. பரிசோடு வீடு திரும்பிய குழந்தை, "தாத்தா, இதில் பூமி எது?" என்று கேட்டபோதுதான் என் பிழை எனக்கு உறைத்தது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பர். முப்பதாண்டுகளுக்கு மேல் அதை வகுப்பில் விளக்கியவன், அந்த மாலைப் பொழுதில் கைவிட்டதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

செய்து கற்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை என்பது புதிய செய்தியன்று. கான்பூர் ஐஐடியில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேச கிராமப் பள்ளிகளில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு இணைந்து பணியாற்றியவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு அவர் உருவாக்கிய மாதிரிகள் புகழ் பெற்றவை. டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனைகளிலும் செருகினால் வளையும் மூட்டு கிடைத்துவிடும். மூன்று குச்சிகளில் முக்கோணம், நான்கில் சதுரம். அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே.

பல்லாங்குழியைப் பாருங்கள். 14 குழிகளில் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டைகளை இட்டால் மொத்தம் 70. ஆட்டம் முடிந்தபின் அவள் கையில் 32 இருந்தால் என் கையில் எத்தனை? முதலில் என்னுடையதையும் எண்ணிப் பார்த்தாள். நான்கைந்து ஆட்டங்களுக்குப் பின் எண்ணாமலே 38 என்றாள். ஒரு கொட்டை குறைந்தபோது கட்டிலுக்கடியில் தேடினாள். கழித்தல் என்ற சொல் அதுவரை எங்கள் பேச்சில் வரவேயில்லை. கோலமும் அப்படியே. 1, 3, 5, 7 என்று வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தால் மொத்தம் 16. ஒவ்வொரு வரிசையிலும் நிறுத்தி எண்ணினால் 1, 4, 9, 16. அந்தப் புள்ளிகளையே சதுரமாக அடுக்கிப் பார்க்கச் சொல்லலாம். ஓவியம் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று குழந்தை கேட்பதில்லை.

ஆனால், கை வேலை மட்டுமே கல்வியாகிவிடாது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சிறாரை ஆராய்ந்து, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்திலேயே போடும் சிறார், பாடப்புத்தக வடிவில் தரப்பட்ட எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளின் நிலை நேர்மாறானது. கொட்டைகளை அள்ளிய கை, 70 − 32 = 38 என்று எழுதவும் வேண்டும். இந்த இரண்டாம் படிதான் பல இடங்களில் விடுபட்டுப்போகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் செயல்பாடுகளை மையமாகக் கொண்டது, வரவேற்கத்தக்கது. எனினும் ஆசிரியரின் நேரம் பதிவேடுகளில் கரைந்தால், செயல்பாடும் இன்னொரு பதிவாகிவிடும். தனியார் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் வேறு: செய்முறைப் பணியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பிலேயே, கோணலாக வந்தாலும், குழந்தையே செய்யட்டும்.

போன வாரம் பேத்தி தன் சதுரத்தை நிமிர்த்த முயன்றாள். குறுக்கே வைத்த தீக்குச்சி மூலைக்கு எட்டவில்லை. எடுத்துக் கொடுக்க எழுந்த நான் உட்கார்ந்துவிட்டேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். முதலில் நீளமாக ஒடித்தாள், பிறகு குட்டையாக. மூன்றாவது சரியாக இருந்தது.