கல்லுக்குள் கடல் – 14: மண்ணெண்ணெய் மகாத்மியம்

காரைக் களிமண்ணையும் அதில் தோட்டா மாதிரிக் கிடக்கும் பெலம்னைட்டுகளையும் போன வாரமே பார்த்தாயிற்று; விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வினிகர் என்று சொல்லியிருந்தேன். நடுவில் மண்ணெண்ணெய் புகுந்துவிட்டது.

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் கிணறு வெட்டிய உறவினர் ஒரு பை நிறைய களிமண் கட்டிகளைக் கொடுத்தனுப்பினார். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. ஒரு கட்டியின் ஓரத்தில் அம்மோனைட்டின் வரி வரியான விளிம்பு தெரிந்தது. பிரஷ் போட்டால் சேறு மெழுகுகிறது. ஊசியால் நோண்டினால் ஓடும் சேர்ந்து பெயர்கிறது.

நுண்படிம ஆய்வாளர்கள் இதற்கு வெகுகாலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டியை வெயிலில் சுக்காகக் காயவைத்து, மண்ணெண்ணெயில் மூழ்கப் போட வேண்டும். “அடுப்புக்கே மண்ணெண்ணெய் கிடைக்கல, நீங்க கல்லைக் குளிப்பாட்டுறீங்களா?” என்றாள் மனைவி. குமிழ் விடுவது நின்று, கட்டி நன்றாக ஊறிய பிறகு எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் விளிம்புகள் பொலபொலவென்று உதிர்ந்தன. எண்ணெய் மேலே மிதக்க, சேறு அடியில் இறங்க, நடுவில் அம்மோனைட்டின் முதுகு!

களிமண்ணுக்கு எண்ணெயைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம். நுண்துளைகளில் ஏறிய எண்ணெயைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாய்கிறது. தாள் தாளாக அடுக்கிய களிமண் ஊதிப் பிளக்கிறது. கட்டியில் ஈரமிருந்தால் எண்ணெய் உள்ளே ஏறாது, பாச்சா பலிக்காது. சேற்றை டீ வடிகட்டியிலும் அதன்கீழ் கட்டிய வேட்டித் துணியிலும் அலசினேன். மேலே ஓட்டுத் துண்டுகளும் பளபளக்கும் ஜிப்சம் சில்லுகளும். துணியில் நின்றதை லென்ஸில் பார்த்தால் ரவையில் பாதிகூட இல்லாத ஃபொராமினிஃபெரா ஓடுகள், அறை அறையாக!

செய்து பார்ப்பவர்கள் திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். முதலில் சிறு துண்டில் சோதியுங்கள். விரிசல் விட்ட ஓடு களிமண்ணோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். வடித்த எண்ணெயைத் தென்பெண்ணையில் கொட்டாதீர்கள்.

மணலூர்பேட்டைப் பாறையில் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது. நம்மூர்ப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. ஆற்றின் மேலே சாத்தனூர் அணைக்குப் போய்க் கல்மரம் எங்கே என்று கேட்ட குடும்பத்தையும் எனக்குத் தெரியும். எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் கண்டுபிடித்த, 18 மீட்டர் நீளக் கல்மரம் இருப்பது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில். நமக்குப் பக்கம் என்றால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைதான். அங்கே மரம் சிலிக்காவாக மாறியிருக்கிறது. மண்ணெண்ணெய்க்கும் வினிகருக்கும் அசையாது. பாதுகாக்கப்பட்ட பூங்கா என்பதால் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

ஆக, அழுக்கும் படிமமும் எந்தப் பொருளில் வேறுபடுகின்றன என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் சுண்ணாம்பு ஓடு சிக்கியிருந்தால் வினிகர் இரண்டையும் சேர்த்தே தின்னும். எலும்பென்றால் கதை வேறு. பிரிட்டிஷ் மியூசியத்தில் டூம்ப்ஸ் என்பவர் 1940களில் அசிட்டிக் அமிலத்தை வைத்துக் கல்லிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுத்தார். அது அடுத்த வாரம், நிச்சயமாக. அதுவரை பித்தளைச் சொம்பு தேய்க்கும் நினைப்பில் யாரும் படிமத்தைப் புளித்தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். புளியின் டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால், கரையாத வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும்.