நடத்தைசார் செயற்பாட்டு மேலாண்மை ஆய்வாளர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி

நடத்தைசார் செயற்பாட்டு மேலாண்மை ஆய்வாளர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி என்பது, உற்பத்தி, சரக்கிருப்பு, வழங்கல் சங்கிலி ஆகியவை தொடர்பாக மனிதர்கள் உண்மையில் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராயும் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் குறுகிய காலத்தில் அளிக்கப்படும் செறிவான பயிற்சி ஆகும். இதன் மையப் பாடம் மனிதர்களைக் கொண்டு நடத்தப்படும் சோதனைகளின் வடிவமைப்பாகும்.

தேவை

செயற்பாட்டு மேலாண்மை மாணவர்கள் பெரும்பாலும் நிகழ்தகவு, உகப்பாக்கம், வரிசைக் கோட்பாடு போன்ற கணிதத் துறைகளிலேயே தேர்ச்சி பெறுகின்றனர். இக்கணித மாதிரிகள், முடிவெடுப்பவர் பிழையின்றிக் கணக்கிடுபவர் எனக் கொள்கின்றன. நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இவ்வேறுபாட்டை அளப்பதற்கு உளவியல், சோதனைப் பொருளியல் ஆகியவற்றின் முறைகள் தேவைப்படுகின்றன. ஒரே துறையில் இவ்விரண்டையும் கற்பிக்கக்கூடிய பேராசிரியர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருப்பதில்லை. எனவே பல இடங்களிலுள்ள மாணவர்களை ஓரிடத்தில் கூட்டிக் கற்பிக்கும் முறை பயனுள்ளதாகிறது.

முன்னோடி

இத்தகைய பயிற்சிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு அண்மைத் துறையான நடத்தைசார் பொருளியலில் உள்ளது. அமெரிக்காவின் ரசல் சேஜ் அறக்கட்டளையின் ஆதரவுடன் 1994 ஆம் ஆண்டு பெர்க்லியில் இரு வாரக் கோடைக்காலப் பயிற்சி நடைபெற்றது. டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர், கொலின் கேமரர் ஆகியோர் இதனை ஒழுங்கு செய்தனர். முதல் அணியில் பங்குபற்றிய டேவிட் லெய்ப்சன், செந்தில் முல்லைநாதன் ஆகியோர் பின்னர் அத்துறையின் முன்னணி ஆய்வாளர்களாயினர்.

அடிப்படைச் சோதனைகள்

செய்தித்தாள் விற்பனையாளர் சிக்கல்: நாளைய விற்பனை தெரியாத நிலையில் இன்றே எத்தனை படிகள் வாங்குவது என்பதே இச்சிக்கல். தேவை 1 முதல் 300 வரை சம வாய்ப்புடன் அமைவதாகவும், விற்பனை விலை 12 எனவும் கொள்க. கொள்முதல் விலை 3 எனில் இலாபம் 9; 9/12 = 0.75 என்பதால் உகந்த அளவு 225. கொள்முதல் விலை 9 எனில் இலாபம் 3. உகந்த அளவு 75. ஆனால் பங்கேற்பாளர்கள் சராசரியாக முதல் நிலையில் குறைவாகவும் இரண்டாம் நிலையில் கூடுதலாகவும் வாங்குவதை மாரிஸ் ஷ்வைட்சர், ஜெரார்ட் கச்சோன் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் காட்டினர். அதாவது, அவர்களது முடிவுகள் சராசரித் தேவையான 150.5 ஐ நோக்கி இழுக்கப்படுகின்றன.

பியர் விநியோக விளையாட்டு: சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகத்தர், தொழிற்சாலை என நால்வர் ஆடுவது. ஏற்கனவே கேட்டுவிட்டு வந்து சேராத சரக்கைப் பங்கேற்பாளர்கள் போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை என ஜான் ஸ்டெர்மன் 1989 இல் விளக்கினார். இதனால் சிறு தேவை மாற்றமும் சங்கிலியில் மேலே செல்லச் செல்லப் பெரும் ஏற்றத்தாழ்வாகிறது. இது சாட்டை விளைவு எனப்படுகிறது.

பாடப்பொருள்

இவ்வகைப் பயிற்சிக்குரிய முதன்மைப் பாடங்கள்:

* பங்கேற்பாளர்களை எழுமாற்றாகப் பிரித்தல். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுதல்.
* ஊதியத்தை முடிவின் விளைவுடன் இணைத்தல். நிலையான தொகை மட்டும் கிடைத்தால் பங்கேற்பாளர் கவனம் செலுத்தக் காரணம் குறைவு.
* பங்கேற்பாளர்களை ஏமாற்றாதிருத்தல். ஒருமுறை ஏமாற்றப்பட்டவர் அடுத்த சோதனையின் விதிகளை நம்பமாட்டார். இழப்பு ஆய்வுகூடம் முழுமைக்கும் உரியது.
* நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுதல்.
* இசட்-ட்ரீ, ஓ-ட்ரீ போன்ற மென்பொருட்களைக் கையாளுதல்.

மீளாய்வும் நம்பகத்தன்மையும்

ஒரு சோதனையை வேறொருவர் மீண்டும் செய்யும்போது அதே முடிவு கிடைக்குமா என்பது இத்துறையின் முக்கியக் கேள்வி. மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் வெளியான 10 ஆய்வுகளை ஒரு குழு மீண்டும் நடத்தி 2023 இல் முடிவுகளை வெளியிட்டது. 6 ஆய்வுகள் முழுமையாகவும் 2 பகுதியாகவும் உறுதிப்பட்டன. எஞ்சிய 2 உறுதிப்படவில்லை. உறுதிப்படாத முடிவொன்றின் மீது ஒரு மாணவர் தமது ஆய்வேட்டை எழுப்பினால் பல ஆண்டு உழைப்பு வீணாகலாம். ஆகவே கருதுகோளை முன்கூட்டியே பதிவு செய்தல், போதிய எண்ணிக்கையில் பங்கேற்பாளர்களைச் சேர்த்தல், தரவுகளைப் பிறர் சரிபார்க்கும் வகையில் வைத்தல் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பழக்குவது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* நடத்தைசார் பொருளியல்
* வழங்கல் சங்கிலி மேலாண்மை
* செயற்பாட்டு ஆய்வு