பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்புவது எப்போது?

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார். 'ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்காதே' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வாலிபரோ அடுத்த வாரமே அஸ்ருக்குப் பிறகு வாலிபால் ஆடக் கிளம்பிவிடுவார். இரண்டுமே சரியல்ல.

இந்த முறையில் முதன்முதலில் பித்தப்பையை அகற்றியவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, ஆண்டு 1985. இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார். தென்னிந்தியாவில் லேப்ராஸ்கோபியைப் பரவச் செய்த முன்னோடிகளில் ஒருவர், கோவை ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு. இன்று தாராபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சிகிச்சை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

வழக்கமாக வயிற்றில் நான்கு சிறு துளைகள் இடுவார்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவு. கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமராவில் பார்த்தபடி பித்தப்பையை வெளியே எடுப்பார்கள். அந்த வாயுவால் சில நாள் தோள்பட்டை வலிக்கலாம். மெல்ல நடந்தால் குறையும்.

மேல்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் அதற்கடியில் வயிற்றைத் தாங்கும் உறுதியான சவ்வு பலம் பெறப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் கனமானதைத் தூக்கினாலோ வயிற்றில் அடிபட்டாலோ, துளையிட்ட இடத்தில், குறிப்பாகத் தொப்புள் பக்கம், குடலிறக்கம் வரக்கூடும். வலி இல்லை என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று பொருளல்ல.

படிப்படியாகத் திரும்புங்கள்

* நடை: அன்றோ மறுநாளோ தொடங்கலாம். தினமும் சிறிது கூட்டுங்கள்.
* மெதுவான ஓட்டம், சைக்கிள்: சுமார் இரண்டு வாரத்துக்குப் பிறகு, வலி இல்லையென்றால்.
* நீச்சல்: துளைகள் முழுமையாக ஆறிய பிறகே. அமராவதி ஆறும் தோட்டத்துக் கிணறும் அதுவரை காத்திருக்கட்டும்.
* வாலிபால், கிரிக்கெட் பந்துவீச்சு: சுமார் நான்கு வாரம்.
* கபடி, கால்பந்து, ஜிம்மில் எடை தூக்குதல்: நான்கு முதல் ஆறு வாரம், மருத்துவர் அனுமதியுடன்.

இவை பொதுவான அளவுகள். நீரிழிவு, அதிக உடல் எடை, ஓயாத இருமல் உள்ளவர்களுக்கு இன்னும் நாளாகலாம். வயிற்றை நீளமாகக் கீறிச் செய்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மூட்டை தூக்குவோருக்கும் கபடிக்குச் சொன்ன கணக்கே.

தொழுகை

முதல் சில நாட்கள் ருகூஉ, ஸுஜூது சிரமமாக இருக்கும். நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. குனிய முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து சைகையால் நிறைவேற்றலாம். மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் குறை ஏதுமில்லை.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, தொடர் வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர் நிறமாதல், துளையில் சீழ் அல்லது புதிய புடைப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆறு வாரம் பொறுத்தவர் இன்ஷா அல்லாஹ் பல ஆண்டுகள் ஆடலாம். அவசரப்பட்டவர் இன்னொரு அறுவை சிகிச்சைக்குப் போக நேரலாம்.